மாட்டுங்காவிலிருந்து சூயஸ் வரை... கிட்டாரில்

"தூக்கமா சார்?"

கேட்டவர் சர்வர். இடம், கிங்ஸ் சர்க்கிளில் நான் வழக்கமாகப் போகிற காபி ஹோட்டல். போன சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். மனுஷன் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாலு டேபிள் துடைத்துவிட்டு, பில்லோடு திரும்பி வந்திருக்கிறார். காபி ஆடை கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். வேறென்ன நினைப்பார், பாவம்?

தூக்கமில்லை. கல்லாவுக்கு மேலே இருந்த ரேடியோவில் யாரோ கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் கிட்டார். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை. முதல் இழுப்பிலேயே நான் கிளம்பிவிட்டேன். சர்வர் கேட்டபோது நான் கிங்ஸ் சர்க்கிளிலேயே இல்லை. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்ல? "தலைவலிப்பா" என்று சொல்லிவிட்டு ஆறின காபியைக் குடித்தேன்.

பாட்டு என்றால் வார்த்தை வேண்டும் என்கிறவர்கள் நம்மில் நிறைய. வார்த்தை இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று. வார்த்தை இருக்கிற பாட்டு டிக்கெட் வாங்கிய பிரயாணம். ஊர் பெயர் முன்னாடியே அச்சடித்திருக்கும், அங்கேதான் இறங்க வேண்டும். வார்த்தை இல்லாத சங்கீதத்தில் டிக்கெட் பரிசோதகர் கிடையாது. எங்கே ஏறினோம், எங்கே இறங்குவோம்... யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால், கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் கேட்பது அபாயமான பழக்கம். ஒரு தடவை எனக்கு அதனால் கல்யாணமே நின்றுபோக இருந்தது. இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாமல் வைத்திருந்த கதை. சர்வர் கிளறிவிட்டுவிட்டார், சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷம் இருக்கும். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. மாட்டுங்காவில் அக்கா வீட்டில் ஜாகை. அம்மா அப்பா இல்லாத எனக்கு அக்காவும் அத்திம்பேரும்தான் எல்லாம். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் உத்தியோகம் (இன்றைக்கும் அதே நாற்காலிதான்). எந்தக் கப்பலில் என்ன சரக்கு ஏறுகிறது, எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் — காலையிலிருந்து சாயங்காலம் வரை அதை டைப் அடிக்க வேண்டும். ஏடன், போர்ட் சூடான், சூயஸ், போர்ட் சையத்... விரலுக்கு எல்லாம் மனப்பாடம். விரல்தான் போயிருக்கிறது. நான் எலிஃபெண்டா குகைக்குப் போகிற லாஞ்சில்கூட ஏறியதில்லை. ஒரு தடவை கரையிலிருந்து அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தே தலை சுற்றித் திரும்பி வந்துவிட்டேன்.

அப்படிப்பட்டவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்க அழைத்துக்கொண்டு போனார்கள். நடந்து போகிற தூரம்தான். பெண் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கிற வேலை. அப்பா ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் சிரிப்பே கிடையாது. கேசரி வந்தது. கூடவே, நம்ம பம்பாய் வழக்கப்படி, பஜ்ஜிக்குப் பதில் உருளைக்கிழங்கு வைத்த பட்டாட்டா வடை.

பெண் பார்க்கிற இடத்தில் எல்லாரும் கேட்கிறதை அக்காவும் கேட்டாள். பெண்ணை ஒரு பாட்டுப் பாடச் சொல்லலாமே?

உள்ளே கொஞ்சம் குசுகுசுப்பு. பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். அவளுக்குப் பாட்டு வராது, கிட்டார்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்றார். ஏதோ வீட்டில் திருட்டுப் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். அத்திம்பேர் தாராளமான மனுஷர். "அதனால என்ன, வாசிக்கட்டுமே" என்றார்.

பெண் வந்தாள். கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு வந்ததில் பாதிப் பெண்ணைக் கிட்டார் மறைத்துக்கொண்டது. மீதிப் பாதியின் தலை குனிந்திருந்தது. என் தலையும் குனிந்திருந்தது. குனிந்த தலைகள் இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்ளும்? சரி, வாசிக்க உட்காரட்டும், நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

அது ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து வாசிப்பது. இடது கையில் ஒரு எஃகுத் துண்டு இருக்கும். அதைக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போவார்கள். ஸ்வரங்கள் படிப்படியாக ஏறாது, சறுக்கிக்கொண்டு போகும். அந்தக் கைகளைத்தான் பார்த்தேன். முதல் கம்பி அதிர்ந்தது. எஃகு மெல்ல நகர்ந்தது.

அவ்வளவுதான். பல்லார்ட் பியரில் கப்பலைக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டார்கள்.

கண் எப்போது மூடியதென்று எனக்குத் தெரியாது. தரை நகர்ந்தது. ஆனால் தலை சுற்றவில்லை. கரையில் கேட்வே வளைவு சின்னதாயிற்று, கொலாபா கலங்கரை விளக்கம் சின்னதாயிற்று, அப்புறம் தண்ணீர். தண்ணீர் என்றால் அப்படி ஒரு தண்ணீர்... பச்சை போய் நீலம், நீலம் போய் ஒரு கறுப்பு. அந்த எஃகுத் துண்டு மேலே போகும்போதெல்லாம் கப்பல் ஒரு அலை மேல் ஏறியது, கீழே வரும்போது இறங்கியது. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் நிற்கிறேன். சட்டை காற்றில் படபடக்கிறது. என்னைக் கேட்பாரில்லை. ஒரு நாளா, பத்து நாளா, தெரியவில்லை. ஆபீஸ் இல்லை, மஸ்டரில் கையெழுத்து இல்லை.

ஏடன் வந்தது. நான் பார்த்ததில்லை, ஆனால் வந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எப்படி என்கிறீர்களா? வெங்காய வாசனை. நான் ஏடனுக்கு டைப் அடித்து அனுப்பின அத்தனை வெங்காய மூட்டையும் கரையில் மலை மலையாக அடுக்கியிருந்தது. தேயிலைப் பெட்டிகள், துணிப் பேல்கள் — எல்லாவற்றின் மேலும் என் டைப்ரைட்டரின் எழுத்து, அதில் தேய்ந்துபோன இங்கிலீஷ் 'இ' உள்பட. யாரோ ஒருவர் மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அப்புறம் செங்கடல். பெயர்தான் செங்கடல், நீலமாகத்தான் இருந்தது. வாசிப்பு மெதுவாயிற்று. ஒரு கம்பியைத் தொட்டுவிட்டு அதன் அதிர்வு ஓய்கிற வரைக்கும் காத்திருந்தாள். அந்த இடைவெளியில் காற்று நின்றது. இரண்டு பக்கமும் மணல் நெருங்கி வந்தது. சூயஸ் கால்வாய். கை நீட்டினால் கரையைத் தொடலாம் போலிருந்தது. நுழைகிற இடத்தில் கப்பல் கரையில் லேசாக ஒரு தட்டுத் தட்டியது — டக். அப்புறம் கொஞ்ச நேரம் பயந்து பயந்து போயிற்று. பிறகு சரியாகிவிட்டது. கரையில் ஒரு ஆள் ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டு கப்பலோடு கூடவே நடந்து வந்தார். அவர் வேகமும் எங்கள் வேகமும் ஒன்று. ரொம்ப தூரம் வந்தார். எதிரே போர்ட் சையத் மங்கலாகத் தெரிந்தது. அதற்கும் அப்பால் வேறொரு கடல், எனக்குப் பெயர் மட்டும் தெரிந்த கடல்...

கப்பல் நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். எதிரே பெண் இல்லை. கிட்டார் இல்லை. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்திம்பேர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா முகத்தில் கடுகு போட்டால் வெடித்திருக்கும். ஒன்றும் புரியாமல் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

தெருமுனை திரும்புகிற வரைக்கும் அக்கா பொறுத்தாள். அப்புறம், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தப் பெண்? மூக்கு எப்படி இருந்தது? நிறம் என்ன? மூக்குத்தி ஒற்றையா, இரட்டையா? பெண் பார்க்கப் போய்ப் பெண்ணைப் பார்க்காமல் திரும்பி வந்தவன் இந்த மாட்டுங்காவில் என்னைத் தவிர எவனாவது இருப்பானா? வெட்கமாக இருந்தது. வாசிப்பு ரொம்பப் பிடித்தது என்று மென்று விழுங்கினேன். "வாசிப்பையாடா கல்யாணம் பண்ணிக்கப் போறே?" என்றார் அத்திம்பேர்.

புதன்கிழமை சேதி வந்தது. காய்கறி மார்க்கெட்டில் பெண்ணின் அப்பா அத்திம்பேரைப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளிவிட்டாராம். பெண் வாசிக்கிறாள், மாப்பிள்ளை தூங்குகிறாராம். இந்த அவமானம் போதாதா? அவரேதான் அவளைப் பார்த்து, போதும் நிறுத்து என்று ஜாடை காட்டினாராம். இது மூன்றாவது வரனாம். முதலில் வந்தவர்கள், பெண் வரட்டும், கிட்டார் வேண்டாம் என்றார்களாம். இரண்டாவது வந்தவர்கள், வீணையாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்களாம். மூன்றாவதாக வந்தவன் தூங்கியே விட்டான். போதும், இந்த ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக முடிவு. தாராவியில் ஜாகை இருக்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவர், சர்ச்சில் வாசிக்கிறவர், அவர்தான் அவளுக்கு மாஸ்டர். அவரிடமே போய்விடுமாம்.

அத்திம்பேர் இதைச் சாதம் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்குச் சாதம் இறங்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத ஒரு பெண் என்னைச் சூயஸ் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறாள். என் ஆயுசில் நான் போன ஒரே தூரப் பிரயாணம். அதற்கு நான் செய்த கைம்மாறு, அவள் கையிலிருந்து கிட்டாரைப் பிடுங்கிவிட்டது. கண்ணை மூடினது நான், தண்டனை அவளுக்கு. எப்படியாவது அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள்.

எங்கே சொல்வது? எக்ஸ்சேஞ்ச் இருப்பது கோட்டைப் பக்கம். அப்படியானால் அவளும் காலையில் மாட்டுங்கா ஸ்டேஷனில்தான் வி.டி. போகிற லோக்கல் வண்டி ஏற வேண்டும். வியாழக்கிழமை அரை மணி முன்னாடியே போய், லேடீஸ் டப்பா, பெண்கள் ஏறுகிற பெட்டி, வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

நின்ற பிறகுதான் இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. யாரைத் தேடுவது? முகம் தெரிந்தால் அல்லவா தேடலாம். டிபன் பாக்ஸும் குடையுமாக ஐம்பது பெண்கள் நிற்கிறார்கள். நான் எல்லார் கையையும் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது கை மட்டும்தானே. கை கையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளை ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒருவர் வந்து, "பாய்சாப், யே லேடீஸ் டப்பா ஹை" என்று முதுகில் தட்டினார். அன்றைக்கு மூன்று வண்டியை விட்டுவிட்டு, ஆபீசுக்கு லேட்டாகப் போய்த் திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமையும் போனேன். இந்தத் தடவை தூணோடு ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் கூடைதான் தெரிந்தது.

"நேத்திக்கும் நின்னேள். என்னைத் தேடறேளா?"

தலையாட்டினேன். நேற்று நான் அவளையும் பார்த்தேனாம், பார்த்துவிட்டு அடுத்த கைக்குப் போய்விட்டேனாம். அவள்தான் சொன்னாள். அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தாள். ட்ரங்க் கால் ஆபரேட்டர் அல்லவா, மூன்று நிமிஷத்தில் பேச்சை முடித்துப் பழக்கம்.

"தூங்கிட்டேள்ங்கறா அப்பா. தூங்கினேளா?"

"இல்லை. போயிட்டேன்."

"எங்கே?"

சொன்னேன். பல்லார்ட் பியரில் கயிறு அவிழ்ந்ததிலிருந்து, வெங்காய மூட்டை, டீ குடித்தவர், செங்கடல்... ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அவள் முகத்தில் என்ன ஓடுகிறதென்று பார்க்கவும் தைரியமில்லை. அவள் கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நான் முடித்தேன். ஒரு வண்டி வந்து, ஏற்றிக்கொண்டு, போனது. அவள் ஏறவில்லை.

"ஒரு இடத்துல தப்பா வாசிச்சேன். மாஸ்டர் இருந்தா திட்டியிருப்பார். அங்க இருந்த யாருக்கும் தெரியலை. முழிச்சிண்டு இருந்தேள்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

எனக்கு ராகம் தெரியாது, தாளம் தெரியாது. தப்பு எது, சரி எதுவென்று நான் எதைக் கண்டேன்? வாயைத் திறந்து தெரியாது என்று சொல்ல இருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சூயஸ்ல நுழையறச்சே கப்பல் கரையில ஒரு தட்டுத் தட்டித்து. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பயந்துண்டே போச்சு."

கூடை அசையவில்லை.

"கை வேர்த்திருந்தது," என்றாள் மெதுவாக. "ஸ்டீல் நழுவி கட்டையில பட்டுது. அடுத்ததும் நழுவிடுமோன்னு பயந்துண்டேதான் வாசிச்சேன்." கூடையைக் கை மாற்றிக்கொண்டு, "அப்புறம் எங்க இறங்கினேள்?" என்று கேட்டாள்.

"இறங்கலை. நீங்க நிறுத்திட்டேள். போர்ட் சையத்துக்கு வெளியில தண்ணியிலேயே நின்னுண்டிருக்கேன்."

அவள் சிரித்தாள். பார்க்கவில்லை, கேட்டேன். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், பேச்சே இல்லாத ஏதாவது வேண்டுமென்றுதான் கிட்டார் கற்றுக்கொண்டாளாம். நாக்பூருக்கும் மெட்ராசுக்கும் மற்றவர்களுக்குத்தான் லைன் கொடுக்கிறாள், அவளும் எங்கேயும் போனதில்லை. மாஸ்டர் சொல்லிக் கொடுத்த அந்த உருப்படியில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது என்றாள். கிட்டார் ஞாயிற்றுக்கிழமை போவதற்குள் அதை முழுக்கக் கேட்டுவிடச் சொன்னாள்.

இரண்டாம் தடவை பெண் பார்க்கிற வழக்கம் எங்கேயாவது உண்டா? அதை அப்பாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் — அன்றைக்கு உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை என்று.

"தெரியும்," என்றாள். "அதுக்கு முன்னாடி வந்தவா ரெண்டு பேரும் முகத்தைத்தான் பார்த்தா. பரவாயில்லை, அடுத்த வண்டிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கு. பார்த்துக்கோங்கோ."

அந்த இரண்டு நிமிஷமும் நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பின பிறகுதான் நிமிர்ந்தேன். லேடீஸ் டப்பா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தி ஒற்றை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கேசரி, மறுபடியும் பட்டாட்டா வடை. அவள் அப்பா என் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைக்கு இவன் தூங்குகிறானா இல்லையா என்று பார்த்துவிடுவதாக உத்தேசம். அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் தைரியமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். சூயஸில் தட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. போர்ட் சையத் தாண்டி, அந்தப் பெயர் மட்டும் தெரிந்த கடலில் நுழைந்து... எங்கே போய் இறங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அது அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கண்ணைத் திறந்தபோது அறையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. எதிர் நாற்காலியில் அவள் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கிட்டார் தாராவிக்குப் போகவில்லை. இரண்டே மாசத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஹோட்டலில் நடந்ததை இவளிடம் சொன்னேன். யாரோ வாசித்ததைக் கேட்டு எதுவரைக்கும் போனேள் என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் பொறாமை. ஏடன்கூடத் தாண்டவில்லை, அதற்குள் சர்வர் வந்துவிட்டார் என்றேன். நேரே உள்ளே போய் உறையைப் பிரித்துக் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

சண்டை வந்து சூயஸ் கால்வாயை மூடி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. ஆபீஸில் எங்கள் கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றன. என் டைப்ரைட்டர் சூயஸ் என்று அடித்தே ரொம்ப நாளாயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் அது திறந்திருக்கிறது. நுழைகிற இடத்தில் கப்பல் இப்போதும் ஒரு தட்டுத் தட்டும். நான் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று பார்க்க, வேண்டுமென்றே தட்டுகிறாள்.